தன்னுணர்வுக்கு ஒரு பத்லி

மனிதனுக்குத் தன்னுணர்வு வேண்டும் என்று கண்டுபிடித்தவன் ஜெர்மனிக்காரன். அதைக் காலை ஷிப்டில் சேர்த்தவன் செம்பூர்க்காரன்.

செம்பூருக்கும் மான்குர்துக்கும் நடுவே, உப்பங்காற்று வீசும் வெளியில், ரைன்-பாரத் பல்சக்கரக் கம்பெனி என்று ஒன்று அறுபதுகளில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் ஜெர்மனியுடையது, முதல் குஜராத்தியுடையது, வியர்வை தாராவியுடையது. பல்சக்கரத்தின் பல்லுக்கு எப்படிப் பதம் ஏற்றுவது என்று படித்து வர மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியனைக் கப்பல் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அவர் போனது பனிக்காலம். பட்டறையில் குளிர் எலும்பைக் குடைந்தது. பக்கத்துச் சர்வகலாசாலையில் தத்துவ வகுப்பு நடந்த அறையில் நல்ல கணப்பு இருந்தது. அவர் அங்கே போய் உட்கார்ந்தவர், பனி உருகும்வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது பல்லுக்குப் பதம் ஏற்றத் தெரியவில்லை. ஆனால் மனித அறிவு எந்தெந்தப் படியில் ஏறிப் பகுத்தறிவாகிறது என்று அத்துப்படி. கப்பல் கட்டணம் வீண் என்று எழுதக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. ஆகவே 'தன்னுணர்வு மற்றும் பகுத்தறிவு வளர்ச்சி இலாகா' திறக்கப்பட்டது. அவரே டைரக்டர். பலகையை மூன்று மொழியில் எழுதி மாட்டினார்கள். படித்தவர்களுக்கு மூன்றும் விளங்கவில்லை. படிக்காதவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

திறப்பு விழாவில் டைரக்டர் பேசினார்.

"தோழர்களே! மெஷினுக்கு ஒரு பல் போனா, போனது அதுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒரு பல் போனா உங்களுக்குத் தெரியும். தெரியறதுன்னும் தெரியும். அதுதான் தன்னுணர்வு. தன்னைத் தானே பார்த்துக்கற சக்தி உங்களுக்கு இருக்கறதாலதான் கம்பெனி மெஷினை மட்டும் இன்ஷூர் பண்ணியிருக்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டினால்தான் லட்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

தட்டியவர்களில் மரியசூசையும் ஒருவன். அவனுக்கு லட்டு கிடைக்கவில்லை. அவன் பத்லி.

பம்பாயில் அப்படி ஒரு உத்தியோகம் உண்டு. நிரந்தரத் தொழிலாளி வராத அன்று அவன் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவன் பத்லி. அவன் தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். எவனுக்காவது காய்ச்சல் கண்டால், எவன் மாமியாராவது மண்டையைப் போட்டால், பத்லி வீட்டில் அடுப்பு எரியும். தாராவியில் தோல் பதனிடுகிற கொட்டகைகளுக்குப் பின்னால் குடியிருந்த மரியசூசை ஐந்து வருஷமாக அப்படி நிற்கிறான். கோயிலில் சாமியார், 'எல்லா மக்களுக்கும் உடல்நலம் தாரும்' என்று ஜெபிக்கிறபோது ஆமென் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நா எழாது.

அவனுக்குப் படியளந்தது ஆண்டவருக்கு அடுத்தபடி கோமதிநாயகம். பல்சக்கரம் வெட்டும் பெரிய மெஷினில் நிரந்தரம். சங்கரன்கோயில் பக்கத்து ஆள். மாசத்தில் பாதிநாள் வயிற்றுவலி, மீதிநாள் வயிற்றுவலி வரப்போகிற அறிகுறி. கேட்டில் ஆள் கணக்கெடுக்கிற கோமதிநாயகத்தின் பித்தளை டோக்கனை வாங்கிச் சட்டையில் செருகிக்கொண்டு மரியசூசை மெஷினில் நிற்பான்.

"அண்ணாச்சிக்கு வயித்துவலின்னா நீங்க நிக்கிய. உங்களுக்கு வயித்துவலின்னா யாரு நிப்பா?" என்று அவன் பெண்டாட்டி ஜெயசீலி ஒருநாள் கேட்டாள். அன்று அவனுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அதோடுதான் கேட்டுக்குக் கிளம்பினான். அந்தக் கேள்வி காய்ச்சல் விட்ட பிறகும் விடவில்லை. பத்லிக்குப் பத்லி கிடையாது. தன் பேரில் ஒரு டோக்கன் வேண்டும். ஒருநாளாவது உரிமையோடு நோயாகப் படுக்க வேண்டும். அவனுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

இலாகா திறந்த மறுவாரம் உத்தரவு வந்தது. நிரந்தரத் தொழிலாளிகள் எல்லாரும் தன்னுணர்வு வகுப்புக்கு வர வேண்டும். அடைந்தவர்களுக்கு உத்தியோக உயர்வு உண்டு.

கோமதிநாயகம் அன்று சாயங்காலமே மரியசூசையைத் தேடி வந்தார்.

"ஏல மரியசூசை, நாளைக்கு எனக்குப் பதிலு நீ போயிரு."

"மெஷினுக்கா அண்ணாச்சி?"

"இல்லலே, தன்னுணர்வுக்கு."

"அது நீங்கல்லா அடையணும்?"

"நீ மெஷின்ல நிக்கும்போது சக்கரம் வெட்டுப்படுதா, இல்லியா?"

"வெட்டுப்படுது."

"அது யாரு கணக்குல சேருது?"

"உங்க கணக்குல."

"பெறவென்ன? நீ போயி அடைஞ்சிட்டு வா. நான் வாங்கிக்கிடுதேன்."

இது சட்டப்படி சரியா என்று மரியசூசைக்குச் சந்தேகம். டைம்கீப்பர் ஜெயினுலாப்தீனிடம் கேட்டான். கேட்டில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கிற மனுஷர் அவர்தான்.

"நிரந்தர ஆளு இடம் எது காலியா இருந்தாலும் அங்க பத்லி நிக்கணும். அதுதான் ரூலு," என்றார் ஜெயினுலாப்தீன். "மெஷினுதான்னு ரூலு சொல்லல. பெஞ்சும் ஒரு இடந்தானப்பா. போயி உக்காரு."

போய் உட்கார்ந்தான்.

முதல் படி, புலனறிவு. டைரக்டர் மேஜைமேல் ஒரு நட்டை வைத்தார்.

"இது என்ன?"

"நட்டு சார்."

"அவசரப்படாதே. நட்டுன்னு சொன்ன உடனே நீ உலகத்துல இருக்கற எல்லா நட்டையும் சொல்லிட்டே. இந்த நட்டு கை நழுவிப் போயிடுத்து. இப்ப சொல்லு, இது என்ன?"

மரியசூசை குனிந்து மேஜைக்குக் கீழே தேடினான். நழுவியதாகச் சொன்னாரே.

"பேஷ்!" என்றார் டைரக்டர். "பொருளை நம்பறதை விட்டுட்டான். ஏறிட்டான் ஒரு படி."

அடுத்த படிக்கு இருவரை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். ஒருவன் கண்ணை ஒருவன் இமைக்காமல் பார்க்க வேண்டும். 'என்னை நீ ஒத்துக்கொள்' என்று இரண்டு உணர்வும் உயிரைக் கொடுத்துப் போராடும். உயிருக்குப் பயந்து எவன் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறானோ அவன் அடிமை, மற்றவன் எஜமான். மரியசூசை உட்கார்ந்ததுமே கண்ணைத் தாழ்த்திவிட்டான். ஐந்து வருஷப் பழக்கம், கஷ்டமே இல்லை. எதிரே இருந்தவனுக்கு டீ கொண்டுவந்து கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

அவன் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது டைரக்டர் விளக்கினார்.

"இதுலதான் விசேஷமே இருக்கு. எஜமான் டீ குடிக்கறான், அவ்வளவுதான், அங்கேயே நின்னுடறான். அடிமைதான் உழைக்கறான், பொருளை மாத்தறான், அதுல தன்னையே பார்க்கறான். ஆகக்கூடி தன்னுணர்வு வர்றது அடிமைக்குத்தான். எஜமான் அம்போ!"

இது வெளியே கசிந்ததும் கம்பெனி ஒரு வாரம் தலைகீழாகிவிட்டது. எல்லாரும் டீ கொடுக்க ஓடினார்கள். குடிக்க ஒருத்தனும் அகப்படவில்லை. கேண்டீன் வாசலில் ஆறின டீயோடு நாற்பது அடிமைகள் எஜமானைத் தேடி அலைந்தார்கள். கடைசியில், கேட் பக்கம் நின்ற எருமையிடம் இரண்டு பேர் நீட்டிப் பார்த்ததாகப் பேச்சு.

ஆபீசர்கள் பயந்துபோனார்கள். தொழிலாளி தன்னுணர்வு பெற்று, ஆபீசர் அம்போ என்று நிற்பதா? அவசரமாகக் கூடித் தீர்மானம் போட்டார்கள்: ஆபீசர்களும் தினம் அரைமணி நேரம் அடிமையாக இருந்து கூட்டிப் பெருக்க வேண்டும். எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டு, தங்கள் தங்கள் பியூனை அனுப்பிவைத்தார்கள். பியூன்கள் எப்போதும் பெருக்குகிற இடத்தையே பெருக்கினார்கள். ஆபீசர்களின் தன்னுணர்வு மளமளவென்று வளர்ந்ததாக இலாகா அறிவித்தது.

அந்த வார முடிவில் பரீட்சை. மரியசூசையை நிற்கவைத்து டைரக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நீ யார்?"

அவனுக்கு வேர்த்துவிட்டது. கோமதிநாயகம் என்றால் பொய். மரியசூசை என்றால் கோமதிநாயகம் அண்ணாச்சி தொலைந்தார். நாளையிலிருந்து டோக்கன் தரமாட்டார். கடைசியில் சொன்னான்:

"நான் இன்னொருத்தரு சார். ஆனா நிக்கது நான்தான்."

டைரக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கண்ணில் நீர்.

"கேட்டேளா! கேட்டேளா! தன்னை இன்னொண்ணுக்குள்ளே கண்டுபிடிச்சு, அதுலேர்ந்து தனக்கே திரும்பி வந்துட்டான்! இதைச் சொல்ல ஜெர்மனியிலே எண்ணூறு பக்கம் எழுதினா!"

மரியசூசை தன்னுணர்வு அடைந்தான். டோக்கன் கோமதிநாயகத்துடையது, ஆகவே அது கோமதிநாயகத்தின் கணக்கில் சேர்ந்தது. மறுநாள் மாலை போட்டு அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மாலை வாங்க அவரே வந்திருந்தார். அந்த மாதிரி வேலைக்கு அவர் பத்லி வைப்பதில்லை.

பிறகு கேட்கவேண்டுமா? நிரந்தரக்காரர்கள் அத்தனை பேரும் வகுப்புக்குப் பத்லியை அனுப்பினார்கள். இலாகாவில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஆபீசுக்குள் போனால் தன்னுணர்வு பெற்ற சூப்பர்வைசர்கள் கால் வைக்க இடமில்லாமல் நின்றார்கள். மெஷினில் நின்றதெல்லாம் தன்னுணர்வு இல்லாத பத்லிகள்.

மரியசூசை கணக்குப் போட்டான். அண்ணாச்சி மேலே போய்விட்டார். பெரிய மெஷினில் நிரந்தர இடம் காலி. அதில் ஐந்து வருஷமாக நிற்பவன் நான். அந்த இடம் எனக்கு வராமல் யாருக்கு வரும்? ஜெயசீலி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டைரக்டரைப் பார்க்கப் போனான்.

டைரக்டர் அன்பாகவே பேசினார்.

"உன்னை நிரந்தரம் பண்ண எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா உனக்குத் தன்னுணர்வு இருக்கோ?"

"அடைஞ்சேனே சார். நீங்க அழுதீங்களே."

"அது கோமதிநாயகம்."

"அப்ப எனக்கு வகுப்பு வைங்க சார்."

"வகுப்பு நிரந்தரக்காராளுக்குத்தான். தன்னுணர்வு வந்தாத்தான் நிரந்தரம். நிரந்தரமானாத்தான் தன்னுணர்வு. இது முரண்பாடுன்னு நினைக்காதே. முரண்பாடுதான். ஆனா உலகமே அதாலதான் நகர்றது."

"எனக்குத்தான் சார் நகரல."

டைரக்டர் யோசித்தார். ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். ஒரு தன்னுணர்வை இன்னொரு தன்னுணர்வு நேருக்கு நேர் பார்த்து, 'இவன் இவன்தான்' என்று ஏற்றுக்கொண்டால் போதும். சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது. மேலதிகாரியே சொன்னால் விசேஷம். "உன் சூப்பர்வைசர் கோமதிநாயகம் வந்து கமிட்டி முன்னாடி சொல்லட்டும். வியாழக்கிழமை வா."

மரியசூசை பறந்துபோய்ச் சொன்னான். கோமதிநாயகம் முகம் சுண்டிப்போயிற்று. இவன் இவன்தான் என்று சொன்னால், வகுப்பில் நின்றவன் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதுகூடப் பரவாயில்லை. இவன் நிரந்தரம் ஆகிவிட்டால் தன் வயிற்றுவலி என்ன ஆவது? சூப்பர்வைசர் நாற்காலியிலும் மாசத்தில் பாதிநாள் இவன்தானே உட்கார்ந்திருக்கிறான்?

"வாரேன்ல, வாரேன்," என்றார். "நீ எனக்குத் தம்பி மாதிரி."

தம்பி என்றதுமே மரியசூசைக்கு நம்பிக்கை பாதி குறைந்தது.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. அடுத்த திங்கட்கிழமை மெஷின் கொடுத்த ஜெர்மன் துரை பார்வையிட வருகிறார் என்று அன்று காலைதான் கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். டைரக்டரும் இரண்டு ஆபீசர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலி, ஒன்று ஏற்கிறவனுக்கு, மற்றது ஏற்கப்படுகிறவனுக்கு. மரியசூசை இரண்டாவது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ஏற்கிறவன் நாற்காலி காலியாக இருந்தது.

ஜெயினுலாப்தீன் உள்ளே வந்தார்.

"சார், சூப்பர்வைசர் கோமதிநாயகத்துக்கு வயித்துவலி. வரல."

மரியசூசைக்கு உலகம் இருண்டது. ஐந்து வருஷம் அந்த வயிற்றுவலிதான் அவனுக்குச் சோறு போட்டது. இன்றைக்கு அதுவே அவனைத் தின்னப் பார்க்கிறது.

"அப்ப கமிட்டி கலையலாம்," என்றார் ஓர் ஆபீசர், வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு. "அடுத்த வருஷம் பார்ப்போம்."

ஜெயினுலாப்தீன் நகரவில்லை. "கலைய முடியாது சார். நிரந்தர ஆளு இடம் காலியா இருந்தா பத்லி நிக்கணும். ரூலு."

"யார் அவருக்குப் பத்லி?"

ஜெயினுலாப்தீன் விரலை நீட்டினார். எல்லாரும் மரியசூசையைப் பார்த்தார்கள். மரியசூசை திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

"சரி, எழுந்து அந்த நாற்காலிக்கு வா," என்றார் டைரக்டர்.

மாறி உட்கார்ந்தான்.

"சூப்பர்வைசர் ஸ்தானத்துல இருந்து சொல்லுங்கோ. எதிர் நாற்காலியில இருக்கற மரியசூசையை உமக்குத் தெரியுமோ?"

மரியசூசை காலி நாற்காலியைப் பார்த்தான்.

"தெரியும் சார்."

"எத்தனை நாளா?"

"பொறந்ததுலேருந்து."

"இவன் இவன்தானா?"

"வேற யாரும் இவனா இருக்கச் சம்மதிக்க மாட்டான் சார்."

"இப்ப அந்தப் பக்கம் போ." போனான். "உன்னை ஏத்துண்ட சூப்பர்வைசர் பிரதிநிதியை நீ ஏத்துக்கறியோ?"

"ஏத்துக்கிடுதேன் சார். ரொம்ப நல்ல மாதிரி."

டைரக்டர் மேஜையைத் தட்டினார். "பார்த்தேளா! பார்க்கறவனும் பார்க்கப்படறவனும் ஒண்ணு! நான் சமம் நான்! ஜெர்மனியில இதைக் கரும்பலகையில எழுதித்தான் பார்த்தேன். செம்பூர்ல நாற்காலியில உக்கார்ந்திருக்கு! இதுதான் சிகரம், இதுக்கு மேலே படியே கிடையாது!"

"அப்ப நிரந்தரம் சார்?" என்றான் மரியசூசை.

டைரக்டர் கையை விரித்தார். "சிகரத்துக்குப் போனவனுக்கு நிரந்தரம் எதுக்குப்பா? அவன் நிரந்தரம், தற்காலிகம் ரெண்டுக்கும் அப்பாற்பட்டவன். உன்னை ஒரு டோக்கன்ல அடைக்கறது பெரிய பாவம்."

ஆபீசர்கள் தலையாட்டினார்கள். வெற்றிலைப் பெட்டி மறுபடி திறந்தது.

மரியசூசை உட்கார்ந்தபடியே இருந்தான். காய்ச்சலோடு நடந்த பாதை கண்ணில் வந்தது. பிறகு எழுந்து சூப்பர்வைசர் நாற்காலிக்குப் போனான். இந்தத் தடவை யாரும் போகச் சொல்லவில்லை. நுனியில் உட்காரவில்லை, சாய்ந்து, கோமதிநாயகம் போடுகிற மாதிரியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"சார், சூப்பர்வைசரா சொல்லுதேன். மரியசூசைய நிரந்தரம் பண்ணிருங்க. பண்ணலன்னா, திங்கக்கெழம ஜெர்மன் தொரை மெஷினப் பாக்க வாராருல்லா, அன்னிக்கு இவன் வேலைக்கு வரமாட்டான்."

"மிரட்டறியா? அவன் வராட்டா சூப்பர்வைசர் நீ எதுக்கு இருக்கே? நீ மெஷினைப் பார்த்துக்கோ!"

"நானும் வரமாட்டேன் சார். அவன் வராத எடத்துக்கு நான் எப்பிடி வருவேன்?"

ஓர் ஆபீசர் டைரக்டர் காதில் குனிந்தார். "சார், பெரிய மெஷினை ஓட்டறதுக்கு வேற யாருக்கும் பழக்கம் இல்லை. மத்தவாள்ளாம் சூப்பர்வைசர் ஆயிட்டா."

"கோமதிநாயகம் ஓட்டுவாரே?"

"அவர் கடைசியா எப்ப ஓட்டினார்னு அவருக்கே ஞாபகம் இல்லை சார்."

டைரக்டர் கண்ணை மூடினார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, கணப்பு இல்லாமல், அவர் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஜெர்மன் துரை வரும்போது மெஷின் ஓடவில்லை என்றால் இந்தியாவில் பகுத்தறிவு எந்தப் படியில் இருக்கிறது என்று துரை கேட்கமாட்டார். டைரக்டர் எதற்கு இருக்கிறார் என்றுதான் கேட்பார். அவர் உடம்பில் உயிர்ப்பயம் ஓடியது. கண்ணைத் திறந்து மரியசூசையைப் பார்த்தார். மரியசூசை இமைக்கவில்லை.

டைரக்டர் கண்ணைத் தாழ்த்தினார்.

"சரித்திரம் இந்தத் தீர்ப்பைத்தான் எதிர்பார்க்கறது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது பழக்கதோஷத்தில் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். யாரும் கேட்கவில்லை. மரியசூசைக்கு ஒரு டீ கொண்டுவரச் சொல்லிப் பியூனைக் கூப்பிட்டார்; பியூன் ஏதோ ஆபீசருக்குப் பதிலாக அடிமையாக இருக்கப் போயிருந்தான். டைரக்டரே எழுந்து போய் வாங்கிவந்தார். சர்க்கரை கொஞ்சம் குறைவு.

வெள்ளிக்கிழமை டோக்கன் கிடைத்தது. பித்தளையில் வட்டமாக, புதுசாக, சட்டையில் குத்தினால் கனமாக இருந்தது. தாராவியில் அன்று கொட்டகைகளில் தோலை ஊறவைத்த வாடை தெருவைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது சாம்பிராணியாக மணந்தது. ஜெயசீலி கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்காக்கும் இம்புட்டுப் பாடு? வெறும் நம்பருல்லா போட்டுருக்கு. உங்க பேரு எங்க?"

மரியசூசை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பாயை விரித்து உரிமையோடு நீட்டிப் படுத்தான்.

"பேரு நம்மகிட்டயே கெடக்கட்டும்," என்றான். "அதயும் குடுத்தா அதுக்கொரு இலாகா தொறந்துருவானுவ."